உருக்கிய காளை விந்தணு பெர்கோலுக்குப் பின் துவண்டால்

பெர்கோல் (நன்றாக நீந்தும் அணுக்களைப் பிரித்தெடுக்கும் அடர்த்தித் திரவம்) அடுக்குகள், கழுவும் திரவம், குழாய் எல்லாவற்றையும் முதலில் 37 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் ஸ்ட்ராவை (உறைந்த விந்து இருக்கும் மெல்லிய குழலை) உருக்குங்கள். விந்தணு உருக்கியதும் நன்றாக நீந்துகிறது, பெர்கோலில் விட்டு சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவியில்) சுழற்றி முடிந்ததும் துவள்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உறையவைத்ததைவிட, பிறகு பட்ட குளிரே காரணமாக இருக்கலாம். உறைந்து மீண்ட அணுவின் சவ்வு அவ்வளவு மென்மையானது.

ஒரே தொகுப்பில் இரண்டு ஸ்ட்ரா எடுங்கள். 37 டிகிரி நீரில் 30 விநாடி வைத்து, ஈரத்தை முழுக்கத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். உள்ளே கசியும் தண்ணீர் அணுக்களை வீங்கவைத்துக் கொன்றுவிடும், பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒன்றைச் சூடான பெர்கோலில் விடுங்கள், மற்றதை இப்போது செய்வதுபோலவே. இரண்டையும் சூடான கண்ணாடித் தகட்டில் பாருங்கள்.

அசைவு கூடினால் ஐவிஎஃப்-இல் (உடலுக்கு வெளியே செய்யும் கருத்தரிப்பில்) கருவுறுதலும் கூடும் என்று உறுதியில்லை. அணுவைக் கருவுறுதலுக்குத் தயார்ப்படுத்தச் சேர்க்கும் ஹெப்பாரினின் அளவும் காளைக்குக் காளை மாறும், ஒவ்வொன்றுக்கும் தனியே பார்க்கவேண்டும்.