கேதார்காந்தாவுக்கு ஸ்வெட்டர் போதுமா, ஃப்ளீஸ் வாங்கணுமா?

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "டிசம்பர் கடைசியில் உத்தரகாண்டில் கேதார்காந்தா ட்ரெக்கிங் போகிறோம் சார். கொண்டுவர வேண்டிய பட்டியலில் உள்ளே போடும் தெர்மலுக்கும் மேலே போடும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு மிட்லேயர் என்று இருக்கிறது. வீட்டில் தடி ஸ்வெட்டர் கிடக்கிறது, போதாதா? கடைக்காரர் ஃப்ளீஸ், டவுன் என்று குழப்புகிறார். வாங்கினாலும் நம்ம ஊரில் எங்கே போடுவது?"

ஸ்வெட்டர் வேண்டாம். 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில் தைத்த ஃப்ளீஸ் ஒன்று, கழுத்திலிருந்து நெஞ்சு வரையாவது ஜிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாத்துத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், ட்ரெக்கிங் தொடங்குகிற சாங்க்ரி ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளரைத் தேடுகிற ஆட்கள் நாம். அந்தப் பயத்தில் இருப்பதையெல்லாம் மாட்டிக்கொண்டுதான் ஏற ஆரம்பிப்போம், கொஞ்ச தூரத்திலேயே முதுகெல்லாம் வியர்த்துவிடும், பையை இறக்கிவிட்டு உட்கார்ந்ததும் அந்த ஈரம் சில்லிட்டு உடம்பு வெடவெடக்கும். மலையில் நம்மூர் ஆட்களைப் படுத்தி எடுப்பது பெரும்பாலும் இந்த வியர்வைதான். அதனால் நடு உடுப்பு சூட்டையும் பிடித்து வைக்கணும், வியர்வை ஆவியையும் வெளியே விடணும். ஃப்ளீஸ் பாலியெஸ்டர், தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் காயும். கார்த்திகையில் தெருவோரம் விரிக்கிற அக்ரிலிக் ஸ்வெட்டர் சூடு தரும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஜாக்கெட்டுக்குள் கை நுழையாமல் மடங்கி நிற்கும், ஏறும்போது திறந்துவிட ஜிப்பும் இருக்காது. அசல் கம்பளி ஈரமானாலும் கதகதப்பை விடாது, கனமும் காய ஆகிற நேரமும்தான் தொல்லை. எதைப் போட்டாலும் உள்ளே பருத்தி பனியன் மட்டும் கூடாது, வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு அவ்வளவு வேலையையும் கெடுத்துவிடும்.

கடையில் தெர்மலைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஃப்ளீஸைப் போட்டுப் பாருங்கள். பரணில் சாமான் எடுப்பதுபோல இரண்டு கையையும் தூக்குங்கள், இடுப்பு தெரிந்தால் ஒரு சைஸ் பெரிதாகக் கேளுங்கள். துணியில் வாய் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரணும். அப்படியானால் குளிர்காற்றும் உள்ளே வருமே என்பீர்கள், வரும்தான், அதைத் தடுக்கத்தான் மேல் ஜாக்கெட். அப்புறம், தோள்பட்டையில் தடித்த தையல் இருந்தால் வேண்டாம், பையின் வார் அங்கேதான் அழுத்தும்.

டவுன் என்பது வாத்தின் மென்தூவி. கனமே தெரியாது, சூடு அபாரம், ஆனால் நனைந்தால் நனைந்த கோழிதான், அப்படியே சுருங்கிப் போகும். அதனால் அதைப் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், கூடாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் நடுவே நிற்கிற இடங்களிலும் போடுங்கள். உச்சி சுமார் 12,500 அடி, சாங்க்ரியைவிட ஏறத்தாழ 6,000 அடி மேலே. 1,000 மீட்டருக்கு 6 டிகிரி என்று கணக்குப் போட்டாலே 11 டிகிரி கூடுதல் குளிர், அதுவும் விடியாத நேரத்தில் கிளம்புவீர்கள். அங்கே டவுன் பைக்குள் இருந்தே ஆகணும்.

சரி, திரும்பி வந்து? நடக்கவெல்லாம் நம்ம ஊரில் ஃப்ளீஸ் தேவையே இல்லை. மார்கழி விடியலில் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்க பைக்கில் போவீர்கள் என்றால் மேலே ஒரு விண்ட்சீட்டரோடு போடுங்கள், அருமையாக இருக்கும்.

துவைக்கும்போது கம்ஃபர்ட் போன்ற திரவம் ஊற்றாதீர்கள், இஸ்திரி வைக்காதீர்கள். ஐப்பசி மழை ஈரத்தோடு பீரோவில் மடித்து வைத்தால் முடை நாற்றம் அடிக்கும், நன்றாகக் காயவிட்டு வையுங்கள். மலையில் நெருப்பு மூட்டினால் தள்ளியே உட்காருங்கள், ஒரு பொறி பட்டாலும் ஃப்ளீஸ் உருகி ஓட்டையாகிவிடும்.