குதிகாலில் கறுப்பு, கணுக்காலில் மஞ்சள்: எதை எடுப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது, நெடுநாள் சர்க்கரை நோயாளி. படுத்த படுக்கையாக இருந்தபோது குதிகாலில் வந்த புண் இப்போது கறுத்து, தோல்போலக் கெட்டியாகிவிட்டது. கணுக்காலுக்கு அருகிலுள்ள இன்னொரு புண்ணில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது, துடைத்தாலும் வருவதில்லை. இரண்டையும் வீட்டிலேயே சுத்தமாக எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டிலும் நீங்கள் கைவைக்க வேண்டாம். மஞ்சள் படலம் பெரும்பாலும் எடுக்கப்பட வேண்டியதுதான், ஆனால் பயிற்சி பெற்றவர் கையால். குதிகாலின் கறுப்பை ஒருவேளை யாருமே எடுக்கத் தேவையில்லாமல் போகலாம்.

முதலில் மஞ்சள். பலரும் இதைச் சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் கேட்கிறார்கள். சீழ் திரவம், துடைத்தால் வந்துவிடும். ஒட்டிக்கொண்டு வர மறுப்பது இறந்த செல்களும், நார்ப்புரதமும், கிருமிகளோடு போராடி மடிந்த வெள்ளணுக்களும் சேர்ந்த படலம். அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை. மாத்திரையாகவோ ஊசியாகவோ போகும் மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் புண்ணை அடைய வேண்டும். ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? கிருமிகள் அங்கே பத்திரமாகக் குடியிருக்கும், புண்ணும் வீக்க நிலையைத் தாண்டாமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அடியில் புண் எவ்வளவு ஆழம் என்பதும் தெரியாது. அதனால்தான் மருத்துவர்கள் அதை அகற்றப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் நாமே எடுத்தால் என்ன என்று தோன்றும். கணுக்காலருகே தோலுக்குக் கீழேயே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் ஓடுகின்றன. புண்ணில் வெளிப்பட்ட தசைநாண் மங்கிய மஞ்சளாக, அழுகிய திசுவைப் போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் இழைகள் தெரியும். பாதத்தை மெல்ல அசைத்தால் புண்ணுக்குள் அதுவும் நகரும். இதை அறியாதவர் கையில் கத்தரிக்கோல் இருந்தால் கால் அசைவே போய்விடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலில், வலியும் நம்மை எச்சரிக்காது.

மருத்துவமனையில் கத்தியால் சுரண்டி எடுப்பது விரைவான வழி. இறந்த திசுவைக் கரைக்கும் நொதி (என்சைம்) கலந்த களிம்பும் உண்டு. சில இடங்களில் மருத்துவத்துக்கென்றே கிருமியின்றி வளர்த்த ஈப்புழுக்களையும் பயன்படுத்துகிறார்கள். மெதுவான, மென்மையான வழி, ஜெல் போன்ற ஈரக் கட்டுகளால் உடலே தன் நொதிகளைக் கொண்டு படலத்தைக் கரைக்க விடுவது. புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-இல் பன்றிகளிடம் செய்த ஆய்விலேயே, மூடி ஈரமாக வைத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக வளர்ந்தது தெரிந்துவிட்டது.

ஆனால் இந்த ஈர வைத்தியத்தைக் குதிகால் கறுப்புக்குச் செய்யாதீர்கள். அது உலர்ந்து, விளிம்புவரை இறுக ஒட்டி, சுற்றிலும் சிவப்பில்லாமல், அழுத்தினால் மெத்தென்று அமுங்காமல் இருந்தால், அதுவே இயற்கை போட்ட கட்டு. ரத்த ஓட்டம் குறைந்த காலில் அதைப் பிய்த்தால், ஆற வழியில்லாத திறந்த புண் உருவாகி, தொற்று எலும்புவரை போகலாம். உலர்வாகவே வைத்திருங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தூக்கியிருக்கும்படி பாருங்கள். அழுத்தம் நீங்காவிட்டால் எந்த மருந்தும் பயன் தராது. என் அனுபவத்தில் குடும்பத்தார் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

எதையும் அகற்றுமுன் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையின் ரத்த அழுத்தத்தையும் கணுக்காலின் அழுத்தத்தையும் ஒப்பிடுவது வழக்கமான சோதனை. நீண்டகாலச் சர்க்கரை நோயில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும் நன்றாக இருப்பதுபோல அந்தச் சோதனை காட்டலாம். எனவே கால்விரலிலும் அழுத்தம் அளக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

வீட்டில் கட்டு மாற்றும்போது மஞ்சள் புண்ணைச் சலைனால் (கிருமி நீக்கிய உப்புநீரால்) கழுவினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். நுரை பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் அது புதிதாக முளைக்கும் செல்களையும் சேர்த்துக் கொல்லும். காய்ந்து ஒட்டிய துணியை இழுக்காமல் நனைத்து எடுங்கள். மருத்துவர் சுத்தம் செய்தபின் புண் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மறைந்திருந்த அளவு வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அடியில் ஈரமான சிவப்பில், சிறு மணிகள்போலப் புதுச்சதை தெரிகிறதா என்று பாருங்கள்.

கறுப்பின் விளிம்பு தளர்ந்து நீர் கசிந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். தோலை அழுத்தும்போது நறநறவென்று காற்று நகர்வது போலிருந்தாலும், நிறம் மணிக்கு மணி மாறினாலும், அடுத்த கட்டு மாற்றும் நாள்வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.