‘இன்று கடல் சரியில்லை’ என்பவரிடம் பணம் கட்டுங்கள்

கேள்வி: மே கடைசி வாரம் அந்தமான் போகிறோம். நான், கணவர், 12 வயது மகன், 7 வயது மகள், மாமியார். ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலில் மூழ்குவது), கடலடி நடை, பாராசெய்லிங் (படகு இழுக்க, பாராசூட்டில் பறப்பது) மூன்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகிறார் முகவர். கடைசி நாள் காலையில் எல்லோருக்கும் ஸ்கூபா, மாலையில் விமானம். முழுத் தொகையையும் இப்போதே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். கட்டிவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள். அந்தப் பயணத் திட்டத்தைப் போட்டவருக்கு ஸ்கூபாவைப் பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலை இல்லை.

கடலுக்கடியில் அழுத்தத்தோடு மூச்சிழுக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறினால், வெளியழுத்தம் குறைந்து, கோலி சோடாவைத் திறந்ததுபோல் உள்ளுக்குள் குமிழி கிளம்பலாம். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். எனவே ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது மகள். மூழ்குநர்களுக்கு உலகெங்கும் சான்றிதழ் தரும் ‘பாடி’ அமைப்பு (சென்னையில் உள்ள பாடி அல்ல) கடலில் அறிமுக ஸ்கூபாவுக்கு 10 வயதைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான தனித் திட்டத்தில்கூட இரண்டு மீட்டர் ஆழத்துக்குள்தான் அனுமதி. ஏழு வயது என்றால் இல்லை. “பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் மகனையும் ஒப்படைக்காதீர்கள். கரையோரத்தில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி பவளப்பாறையைப் பார்ப்பதே அவளுக்குப் போதும். மாமியாருக்குக் கண்ணாடித் தளப் படகு இருக்கிறது. அவர் கேட்டால் மற்றவையும். ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு.

மூழ்கும் முன் ஓர் உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். ‘எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க’ என்று மேசையிலிருப்பவர் சொல்வது வழக்கம். போடாதீர்கள். வெறும் சளி பிடித்திருந்தால்கூட காதில் அழுத்தம் சமனாகாமல் வலி உயிரை எடுக்கும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அறிமுக ஸ்கூபாவில் ஆளுக்கொரு பயிற்றுநர் கூடவே இருந்தால் நல்லது.

இனி பணம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில், அந்தமான் கடலுக்கு வந்துவிடும். நீங்கள் போவதோ கடைசி வாரம். ஒரு நாளாவது கடல் கொந்தளிக்க வாய்ப்புண்டு என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். முழுப் பணத்தையும் கட்டியவர் அன்றைக்கு என்ன செய்வார்? படகுக்காரர் தயங்கினாலும், ‘இவ்வளவு கட்டியிருக்கிறோமே’ என்று நாமே படகில் ஏறிவிடுவோம். நான் அப்படி ஏறியவன்தான்; மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. வானிலையால் ரத்தானால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும், பிள்ளை பயந்து கடைசி நேரத்தில் மறுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். பத்து சதவீதத் தள்ளுபடியைவிட இந்த இரண்டு வரிகளுக்கு மதிப்பு அதிகம். பேக்கேஜை உடைத்து மூன்றுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். ஏழு வயது மகளுக்கும் ஸ்கூபா கட்டணம் போட்டிருப்பது அப்போது தெரியவரும்.

போனில் இதையும் கேட்டுப் பாருங்கள்: “காற்று அதிகமாக இருந்தால் பாராசெய்லிங் நடக்குமா?” ‘நம்மகிட்ட எல்லா நாளும் நடக்கும்’ என்று பெருமையாகச் சொல்பவரை அத்தோடு விட்டுவிடுங்கள். அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை என்று ஓட்டத்தை நிறுத்துபவரே நமக்கு வேண்டியவர்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வாழைப்பழப் படகில் (இன்னொரு படகு இழுத்துப் போகும் காற்றடைத்த நீள மிதவை) ஏறினோம். மகளுக்குக் கொடுத்த உயிர்காப்பு அங்கியில் கொக்கி உடைந்து, கயிறு கட்டியிருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு “ஒண்ணும் ஆகாது சார்” என்றார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் ஏறியிருக்கவே கூடாது. கயிறு கட்டிய அங்கி, ஆள் தண்ணீரில் விழுந்ததும் தலைவழியாகக் கழன்றுவிடலாம்.

சோதிக்க அரை நிமிடம் போதும். அங்கியை மாட்டி எல்லாக் கொக்கிகளையும் போட்டுவிட்டு, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அளவு பெரிது. சிறு குழந்தைக்குக் கால்களுக்கு இடையே ஒரு பட்டை இருக்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் நுரைப்பஞ்சை அழுத்துங்கள். போன வருடம் ஒரு கடற்கரையில் எனக்குத் தந்த அங்கியில் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. உலுக்கினால் உள்ளே ரவை கொட்டுவதுபோல் சத்தம். வெயிலில் காய்ந்து நுரை பொடிந்த அங்கியில் மிதவைத் திறன் பாதிகூட மிஞ்சுமா என்பது சந்தேகம்.

உட்புறத் துணியில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) என்றிருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கான மிதவை உதவி மட்டுமே. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு 100 நியூட்டன் வேண்டும். அச்சே அழிந்துபோயிருந்தால் அங்கியின் வயது என்னவென்று கேட்கவே வேண்டாம்.

கேள்வி: கோவாவில் பாராசெய்லிங்கில் இறக்கும்போது கணவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ‘எந்த விபத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியும். விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்தை ஏற்றதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி. அவர்களுடைய கவனக்குறைவை மன்னித்ததற்கு அல்ல. பழுதான பட்டை, பயிற்சியில்லாத ஆள், பலத்த காற்றில் ஏற்றியது என்று எதையாவது காட்ட முடிந்தால் அது சேவைக் குறைபாடு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவாவுக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் திருநெல்வேலியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ரசீது கொடுக்கவில்லையா? யுபிஐ பரிவர்த்தனை, நீங்கள் எடுத்த வீடியோ, மருத்துவமனைச் சீட்டு மூன்றும் உதவும்.

மருத்துவக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். ‘சாகச விளையாட்டுக்கு இல்லை’ என்று முகவர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். பாலிசிகளில் இருக்கும் பொதுவான விலக்கு வாசகம், தொழில்முறையாக அவற்றில் ஈடுபடுவோரைப் பற்றியது. விடுமுறைக்குப் போன உங்கள் கணவர் அதில் வர மாட்டார். விபத்துக் காப்பீடும் பயணக் காப்பீடும் வேறு. அவற்றில் விலக்கு இன்னும் கடுமையாக இருக்கலாம்.

கேள்வி: அலைச்சறுக்கு வகுப்புக்கு ஆன்லைனில் பதிந்தபோது, நான் கேட்காமலேயே 99 ரூபாய் ‘பாதுகாப்புக் கட்டணம்’ சேர்ந்துவிட்டது.
– வாசகர், கோவை

பதில்: உங்களைக் கேட்காமல் கூடையில் பொருளைத் திணிப்பது, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்யும் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. திரையைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அதே 1915தான். அப்படியே, அந்த 99 ரூபாய்க்கு என்ன பாதுகாப்பு தருகிறார்கள் என்றும் கேட்டுவையுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.