எழுத்து முடிந்தது, தாலி ஏறவில்லை: குளிசையும் பதினைந்து இலட்சமும்

மானிப்பாயிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. கனடா மாப்பிள்ளை ஆறு வாரங்களுக்கு முன் ஊருக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் பதிவாளர் முன் எழுத்து, அதாவது திருமணப் பதிவு, நடந்தது. தாலி கட்டுச் சடங்கை, மனைவியைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் சரிவந்த பிறகு வைப்பதென்று பேசினார்கள். இரண்டு வாரம் நின்றுவிட்டு அவர் திரும்பிப் போனார். அதன் பின் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் டொனேசன் காசில் பிணக்கு வந்து சம்பந்தம் முறிந்துவிட்டது. வாசகிக்கு இப்போது ஏழு வாரக் கர்ப்பம். "குளிசையை எடு, வெள்ளவத்தையில் இருக்கிற மச்சான் பஸ்ஸில் அனுப்புவார்" என்று கருக்கலைப்புக் குளிசையைப் பற்றிக் கணவர் வைபரில் எழுதுகிறார். அவருடைய தகப்பனார் 15 இலட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி, கர்ப்பத்தைக் கலைக்கவும் விவாகரத்துக்குச் சம்மதிக்கவும் உடன்பட்டதாக நொத்தாரிசிடம் ஒரு உடன்படிக்கை எழுதக் கேட்கிறார். மாமியாரோ, மகன் வந்தே ஆறு வாரம்தான், ஏழு வாரக் கர்ப்பம் யாருடையது என்று ஊரெல்லாம் கேட்கிறார். காணொளிகளில் சொல்வதுபோல எட்டு வாரத்துக்குள் குளிசை எடுப்பது குற்றமில்லையா, கணவர் சம்மதித்தால் பிரச்சினை இல்லைதானே, தாலி கட்டாத நிலையில் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் கிடைக்குமா, ஏமாற்றியதற்குப் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் மாமியார் பேசிய பேச்சுக்குப் போய்விட்டது. மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள் என்பது விளங்குகிறது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வசனத்தைத் தவிர மற்ற எதுவும் நீதிமன்றத்துக்குத் தேவைப்படாது. தேவைப்படும் அந்த ஒரு வசனம் ஏழு வாரம், ஆறு வாரம் என்ற கணக்கு. அது பிழையான கணக்கு. கிளினிக்கில் கர்ப்பத்தின் வயதைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு தங்குவது பொதுவாக அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆகவே ஏழு வாரம் என்றால் கரு தங்கியது ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு முன், அதாவது உங்கள் கணவர் யாழ்ப்பாணத்தில் நின்ற நாட்களில்.

இது ஏன் முக்கியம் என்றால், நீங்கள் உங்களை இன்னும் மணமாகாதவராக எண்ணிக்கொண்டு கேள்வி கேட்கிறீர்கள். பதிவாளர் முன் எழுத்து நடந்த அன்றே நீங்கள் சட்டப்படி மனைவி. தாலியும் கூறையும் சட்டத்துக்கு வேண்டியவை அல்ல. செல்லுபடியான திருமணம் நிலைத்திருக்கும் காலத்திலோ, அது கலைக்கப்பட்டுத் தாய் மறுமணம் செய்யாதிருக்கும் 280 நாட்களுக்குள்ளோ பிறக்கும் பிள்ளை அந்தக் கணவரின் சட்டபூர்வமான பிள்ளை என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான சான்று என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சொல்கிறது. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவருக்கு மனைவியை அணுகும் வாய்ப்பே இருக்கவில்லை என்றோ, அவர் ஆண்மையற்றவர் என்றோ காட்டினால் மட்டுமே அதை உடைக்கலாம். அவருடைய கடவுச்சீட்டு முத்திரையே வாய்ப்பு இருந்ததைக் காட்டும். எனவே இந்த வாரமே ஸ்கான் ஒன்று எடுத்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கான்தான் கர்ப்பத்தின் வயதைக் கூடுதல் திருத்தமாகக் காட்டும்.

இனிக் குளிசை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அதன் 303ஆம் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நோக்குடன் நன்னம்பிக்கையில் செய்யப்பட்டாலன்றி, கருவைக் கலைப்பது மூன்று ஆண்டு வரையான சிறைத் தண்டனைக்கோ, தண்டப்பணத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கிய பிறகென்றால் சிறை ஏழு ஆண்டு வரை நீளும். தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் அடங்குவாள் என்று அதன் விளக்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. எட்டு வாரம் என்ற எல்லை எதுவும் அதில் இல்லை. கணவரின் சம்மதம் என்ற சொல்லும் இல்லை. அவர் தூண்டினாலோ குளிசை அனுப்பி உதவினாலோ அவரும் உடந்தையாளர் ஆவார், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த காணொளிகள் தமிழ்நாட்டிலிருந்து வருபவை; 1971ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் மருத்துவரின் கருத்துடன் கலைப்பதற்கு இடம் தருகிறது, பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அது செல்லாது. வன்புணர்வு போன்ற சில நிலைமைகளுக்காவது விலக்களிக்க 1995இலும் 2017இலும் எடுத்த முயற்சிகள் கூடச் சட்டமாகவில்லை. இந்தச் சட்டம் பெண்களுக்கு நீதியானது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் உங்களை விசாரிக்கப்போவது இந்தச் சட்டம்தான்.

நான் அதிகம் சொல்ல வேண்டியது இதற்கு அடுத்ததைப் பற்றி. இவ்வகை விடயங்களில் என்னிடம் வரும் பெண்கள் பலர் அகப்படுவது குளிசையால் அல்ல, தங்கள் கையெழுத்தால். கோபத்தில் பொலிஸ் நிலையத்துக்குப் போய், ஏமாற்றிவிட்டார் என்று முறைப்பாடு எழுதும்போது, அவர் சொல்லித்தான் குளிசை எடுத்தேன் என்ற வசனத்தையும் அதில் எழுதிவிடுகிறார்கள். எதிராளி மீது குற்றம் சாட்டுவதாக நினைத்து எழுதும் அந்த வசனத்தில் முதற் சந்தேகநபர் எழுதியவரே. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை வழக்கில் நிரூபிக்க முடியாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் அந்த முறைப்பாட்டைப் பிடித்துக்கொண்டு பொலிஸார் தேடிப்போகும் மற்றவற்றை, அதாவது தோழிக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தியை, அக்காவுடன் பேசிய குரல்பதிவை, பார்சல் கொண்டுவந்த பஸ் நடத்துநரின் வாக்குமூலத்தை அந்தப் பிரிவு காப்பாற்றாது. ஒலிப்பதிவுகளையும் கணினிச் சான்றுகளையும் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆகவே வைபரில் வந்தவற்றை அழிக்க வேண்டாம். சான்றை அழிப்பது வேறொரு குற்றமாகப் பார்க்கப்படும், அவை அவருக்கு எதிரான சான்றும் கூட. அவற்றுக்கு மறுமொழி எழுதுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்த கையெழுத்து அந்த 15 இலட்சம் உடன்படிக்கை. அது இரண்டு வகையிலும் பயனற்றது. குற்றச் செயலைச் செய்வதற்காக எழுதப்படும் ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. அவர்கள் ஐந்து இலட்சத்தோடு நிறுத்திவிட்டால் மீதியைக் கேட்க உங்களுக்கு வழக்கு இல்லை. அதே வேளை, கலைப்பதற்குப் பணம் பேசினோம் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சாட்சியும் வைத்த ஒரு பத்திரம் மாமனாரின் அலுமாரியில் இருக்கும். அடுத்த சண்டையில் அது வெளியே வரும். விவாகரத்துக்குச் சம்மதம் என்ற மற்றப் பகுதியும் வெறுங்கடதாசி. விபசாரம், தீய எண்ணத்துடனான கைவிடுகை, திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை என்ற காரணங்களில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்காமல், இருவரும் ஒத்துக்கொண்டோம் என்பதற்காக மட்டும் இந்த நாட்டில் திருமணம் கலைவதில்லை.

அக்காவுக்கும் ஒரு சொல். தங்கச்சிக்கு உதவுவதாக நினைத்து, பஸ்ஸில் வரும் குளிசைப் பார்சலை எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கருவைக் கலைக்கும் நோக்கத்துடன் ஒருவர் செய்யும் செயலால் பெண் இறந்தால், இறப்பு நேரும் என்று அவர் அறிந்திருக்க வேண்டியதில்லை, 305ஆம் பிரிவின் கீழ் தண்டனை இருபது ஆண்டு வரை போகும். முகவரியில்லாத இடத்திலிருந்து வரும் பார்சலில் எந்த மருந்து, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதைவிட, கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்தக் குளிசைகள் அதைக் கலைப்பதே இல்லை. குழாய் வெடித்து உள்ளே இரத்தம் பெருகும்வரை எல்லாம் முடிந்துவிட்டது என்றே வீட்டார் நினைத்திருப்பார்கள். குழாய்க் கர்ப்பத்துக்கு ஆஸ்பத்திரியில் செய்யும் சிகிச்சை உயிரைக் காப்பதற்கானது, அதில் குற்றம் எதுவும் இல்லை. எந்தக் காரணத்தால் இரத்தப்போக்கு வந்தாலும், ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பாட் நனையுமளவுக்குப் போனாலோ, காய்ச்சலோ கடும் வயிற்று வலியோ மயக்கமோ வந்தாலோ, வழக்கைப் பற்றி யோசிக்காமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை பெறுவது குற்றமல்ல. வழக்குக்குப் பயந்து இரவு முழுதும் வீட்டில் வைத்திருந்து விடியக் கொண்டுபோகும் குடும்பங்களில்தான் 303 என்பது 305 ஆகிறது.

பிள்ளையைப் பெறுவதா என்ற முடிவுக்குள் நான் வரவில்லை; அதை நீங்கள் ஒரு மகப்பேற்று வைத்திய நிபுணரிடம் பேசுங்கள், உடல்நிலையில் உயிராபத்து ஏதும் இருந்தால் சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரே கதவும் அவரிடம்தான் இருக்கிறது. யாராவது மிரட்டியோ, உங்களுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்தோ குளிசை தந்தால், அது சம்மதமின்றிக் கலைப்பது. 304ஆம் பிரிவின்படி இருபது ஆண்டு வரை தண்டனைக்குரியது. அப்போது தாமதிக்காமல் முறைப்பாடு செய்யுங்கள்.

டொனேசன் காசு, ஏமாற்று என்று வழக்குப் போட வேண்டாம். பேசித் தீருங்கள் என்றே சொல்வேன், ஆனால் கர்ப்பத்தைப் பேச்சுக்குள் கொண்டுவராமல். அவருக்கு வேண்டியது விவாகரத்து. அது இல்லாமல் அவர் இன்னொருத்தியைக் கட்டவும் முடியாது, ஸ்பொன்சர் செய்யவும் முடியாது. உங்களுக்கு வேண்டியது சீதனக் காணி, நகை, பிள்ளை பிறந்தால் தாபரிப்பு, அதாவது வளர்ப்புச் செலவுக்கான பணம். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறலாம், ஆனால் கனடாவில் இருக்கும் ஒருவரிடம் அதை மாதாமாதம் அறவிடுவது பெரும்பாடு. எனவே மணநீக்க வழக்கோடு சேர்த்து மொத்தத் தொகையாகவும், முன்பணமாகவும் கேளுங்கள். பிள்ளையின் தாபரிப்பைக் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கேட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

இந்தப் பேரத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. கனடாச் சட்டத்தில் ஒரு வருடம் பிரிந்திருந்தாலே விவாகரத்துக்குப் போதும். அதை அவருடைய சட்டத்தரணி சொல்லிக்கொடுத்த பிறகு உங்கள் கை இறங்கிவிடும். அதற்கிடையில் சீதன உறுதியின் மூலப்பிரதியை உங்கள் கையில் வைத்திருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இப்போது கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அவர் தராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆகவே சமாதானப் பத்திரத்தில் முதல் வாசகமாக அந்தச் சம்மதத்தை எழுதி வாங்குங்கள்.