பயன்படுத்திய ஹெட் மாற்றிய பின் ரேடியேட்டரில் குமிழி: போல்ட்டை மேலும் இறுக்கலாமா?

இறுக்க வேண்டாம், ஹெட்டை (எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடி) மறுபடி கழற்றித்தான் ஆக வேண்டும். புதிய கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு) போட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டில் தங்கிய காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகும் குமிழி நிற்கவில்லை என்பதால், எரிந்த வாயு கூலண்ட் பாதைக்குள் கசிகிறது என்றே தோன்றுகிறது. முறுக்கைக் கூட்டினால் போல்ட் நீளுமே தவிர, கசிவு அடைபடாது.

நீங்கள் வாங்கிப் போட்ட பழைய ஹெட் அலுமினியமாக இருந்தால், அது ஏற்கெனவே ஒருமுறை அதிகச் சூடேறி வளைந்திருக்கலாம் (விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்). நேர்விளிம்பு எஃகுப் பட்டையை நீளவாக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, ஃபீலர் கேஜால் (வெவ்வேறு தடிமனுள்ள மெல்லிய அளவுத் தகடுகள்) இடைவெளியை அளந்து பாருங்கள். பல எஞ்சின்களில் 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான் வரம்பு, உங்கள் எஞ்சினின் கையேடு சொல்வதே இறுதி. ஹெட் உட்காரும் பிளாக்கின் மேற்பரப்பையும் அப்படியே அளந்துவிடுங்கள், ஏனெனில் முதல் ஹெட் சூட்டால் கெட்டிருந்தால் அந்தச் சூடு இதையும் வளைத்திருக்கலாம்.

போல்ட் துளைகளின் அடியில் எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) பொய்யான அளவைக் காட்டும். துளைகளைத் துடைத்து உலர்த்துங்கள்.

பரப்பு சமமாக இருந்தும் கசிந்தால் வால்வு இருக்கைகளுக்கு நடுவே விரிசல் இருக்கக்கூடும். அதை அழுத்தச் சோதனையில் உறுதிசெய்யலாம்.

வளைவை நீக்க ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அளவு) கூடும், டீசல் எஞ்சினில் வால்வு பிஸ்டனில் இடிக்கவும் கூடும். ஆகவே ஹெட்டின் மீதமுள்ள உயரத்தை அளக்காமல் சீவக் கொடுக்காதீர்கள். நீட்சி வகை (இறுக்கும்போதே நிரந்தரமாக நீளும்) போல்ட்டுகளாக இருந்தால் புதியவையே வேண்டும்.