ஸ்கார்செஸியின் இயேசு படம் எப்படி உருவானது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 1988இல் எடுத்த 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பல வருஷமாக இந்தப் படம் உருவான கதையைத் தேடித் தேடிப் படித்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: படம் பார்த்ததில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

சிலுவையில் தொங்கும் இயேசுவிடம் ஒரு சிறுமி வருகிறாள், தன்னைக் காவல் தூதர் என்கிறாள். நீ பட்டது போதும், இறங்கி வா என்று கூட்டிப்போகிறாள். மகதலேனா மரியாளைக் கல்யாணம் செய்கிறார், அவள் இறக்கிறாள், அப்புறம் வேறு குடும்பம், பிள்ளைகள், முதுமை. சாகக் கிடக்கும்போது யூதாஸ் வந்து, அந்தத் தூதர் சாத்தான்தான் என்று போட்டு உடைக்கிறான். இயேசு தவழ்ந்து போய், என்னை மறுபடி சிலுவையில் ஏற்றும் என்று பிதாவிடம் கெஞ்சுகிறார். கண் விழித்தால் சிலுவையில்தான் இருக்கிறார், அத்தனையும் சோதனை. அதை அவர் ஜெயிக்கிறார். இந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் "இயேசுவுக்குக் கல்யாணம் செய்து வைத்த படம்" என்று மட்டும் பரப்பியதில்தான் படம் வந்தபோது நடந்த பாதிச் சண்டை.

கேள்வி: இந்தக் கதை ஸ்கார்செஸியின் கற்பனையா?

இல்லை. கிரேக்க எழுத்தாளர் நிகோஸ் கசான்சாகிஸின் நாவல். 1954இலேயே வத்திக்கான் அதைத் தடை நூல்கள் பட்டியலில் சேர்த்துவிட்டது. 1972இல் வேறொரு படப்பிடிப்பில் நடிகை பார்பரா ஹெர்ஷி இந்த நாவலை ஸ்கார்செஸியிடம் கொடுத்தார். பின்னால் இந்தப் படத்தில் மகதலேனாவாக நடித்தவரும் அவரே. ஸ்கார்செஸி சின்ன வயதில் பாதிரியாராக ஆசைப்பட்டு குருமடத்தில் சேர்ந்து பார்த்தவர். திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடர் கண்டிப்பான கால்வினிய (புராட்டஸ்டன்ட்) சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர். மதத்தைக் கேலி செய்யக் கிளம்பிய ஆட்கள் இல்லை இவர்கள், அதை முதலில் மனதில் வையுங்கள்.

கேள்வி: 1983இலேயே தொடங்கவிருந்து நின்றுபோனதாமே, ஏன் சார்?

ஆமாம். ஹாலிவுட் கம்பெனி பாரமவுண்ட் தயாரிப்பு, இஸ்ரேலில் படப்பிடிப்பு, இயேசுவாக எய்டன் க்வின் என்று எல்லாம் முடிவாகியிருந்தது. பட்ஜெட் ஏறிக்கொண்டே போக, இன்னொரு பக்கம் எதிர்ப்புக் கடிதங்கள் கம்பெனியின் தாய் நிறுவனத்துக்கு மூட்டை மூட்டையாக வந்தன. பெரிய தியேட்டர் குழுமம் ஒன்று நாங்கள் திரையிட மாட்டோம் என்றது. திரையிட இடமில்லாத படத்துக்கு யார் பணம் போடுவார்கள்? படப்பிடிப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பாரமவுண்ட் கையை விரித்துவிட்டது.

பிறகு யுனிவர்சல் என்ற இன்னொரு சினிமா கம்பெனியில் டாம் போலக் தலைவரானதும் கதவு திறந்தது. சினிப்ளெக்ஸ் ஓடியன் என்ற தியேட்டர் நிறுவனமும் பங்கு போட்டதால், வெளியிட இடம் இல்லை என்ற பழைய சிக்கல் தீர்ந்தது. ஆனால் கையில் கிடைத்தது சுமார் 70 லட்சம் டாலர்தான், முதலில் போட்ட கணக்கில் ஏறக்குறைய பாதி.

கேள்வி: சினிமா படிக்கிறேன் அண்ணா. அவ்வளவு குறைந்த பணத்தில் சரித்திரப் படம் எப்படி?

பிரமாண்டத்தை விட்டுவிட்டார்கள் தம்பி. 1987 அக்டோபரில் மொராக்கோவில் தொடங்கி அந்த வருஷக் கடைசிக்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடி. பழைய ஹாலிவுட் பைபிள் படங்களில் வரும் ஆயிரம் துணை நடிகர்கள், பளிங்கு மண்டபங்கள் எதற்கும் வழியில்லை. அதனால் புழுதி, கல், மண் வீடு, பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் கேமரா. ஒளிப்பதிவு மைக்கேல் பால்ஹவுஸ், வேகமாக வேலை செய்வதில் பெயர் வாங்கியவர். இயேசுவாக வில்லம் டஃபோ, யூதாஸாக ஹார்வி கைட்டல், ரோம ஆளுநர் பிலாத்துவாக பாடகர் டேவிட் போவி. சீடர்கள் சாதாரண அமெரிக்கத் தெருப் பேச்சில் பேச, ரோமர்களும் சாத்தானும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசுவார்கள்.

சிலுவைக் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். 1968இல் எருசலேம் அருகே, குதிகாலில் ஆணி இறங்கிய எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. அதைப் பற்றிய தொல்லியல் ஆய்வை வைத்துத்தான் முழங்கால் பக்கவாட்டில் மடங்கிய அந்த உடல் நிலையை அமைத்தார்கள். கோயில் படங்களில் பழகிய நேரான உருவம் இல்லை அது, பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கடைசியில் இயேசு உயிர் விடும்போது திரையில் நிறங்கள் சிதறும் இல்லையா? அது திட்டம் போட்டு எடுத்ததல்ல. கேமராவுக்குள் வெளிச்சம் புகுந்து ஃபிலிம் கெட்டுப்போனது, எடிட்டிங்கில்தான் தெரிந்தது. வேறு இயக்குநர் தூக்கிப் போட்டிருப்பார், ஸ்கார்செஸி அப்படியே வைத்துக்கொண்டார்.

கேள்வி: நான் விசுவாசி. கர்த்தருக்கு இச்சை வந்ததாகக் காட்டுவது தேவதூஷணம் இல்லாமல் வேறென்ன? இதை நீங்கள் எப்படி ஆதரிக்கிறீர்கள்?

உங்கள் வருத்தம் உண்மையானது, அதை லேசாக எடுக்கவில்லை. ஆனால் பைபிளில் எபிரெயர் நிருபம் 4:15 அவர் எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனாலும் பாவமில்லாதவர் என்கிறது. முழுக் கடவுள், முழு மனிதர் என்பது 451இல் கல்கெதோன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை வகுத்த நம்பிக்கை. அந்த "முழு மனிதர்" என்ற பாதியை எவ்வளவு தூரம் எடுத்துச் செல்லலாம் என்பதுதான் இந்தப் படத்தின் கேள்வி. படம் எல்லை தாண்டிய இடங்கள் எனக்கும் உண்டு. ரோமர்களுக்குச் சிலுவை செய்து கொடுக்கும் தச்சராக அவரைக் காட்டுவதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆனால் இது சுவிசேஷங்களை வைத்து எடுத்ததல்ல, கற்பனை என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிட்டார்கள். பார்த்துவிட்டு மறுத்தால் மதிக்கிறேன்.

அன்று நடந்தது வேறு. படத்துக்கு முந்தைய பழைய திரைக்கதைப் பிரதி ஒன்று கைமாறிக் கைமாறிச் சுற்றியது, அந்தப் பிரதியில் மட்டும் இருந்த, படத்தில் இல்லாத வசனத்துக்காகக்கூட மக்கள் கொதித்தார்கள்.

கேள்வி: படத்தை எரிக்க விலை பேசினார்களாமே?

உண்மைதான். கேம்பஸ் குரூசேடு என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் பில் பிரைட், செலவை ஈடுகட்டுகிறேன், பிரதிகளை அழிக்கக் கொடுங்கள் என்றார். கருத்துச் சுதந்திரம் விற்பனைக்கு இல்லை என்ற பொருளில் யுனிவர்சல் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. 1988 ஆகஸ்ட் 11 அன்று யுனிவர்சல் வாசலில் ஏறத்தாழ 25,000 பேர் கூடினார்கள். செப்டம்பரில் வர வேண்டிய படத்தை அவசரமாக மறுநாளே வெளியிட்டார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. நாவலாசிரியர் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், இயக்குநர் கத்தோலிக்கர், திரைக்கதையாசிரியர் புராட்டஸ்டன்ட். இருந்தும் ஒரு கூட்டத்தின் ஆத்திரம் யுனிவர்சலின் தாய் நிறுவனத் தலைவர் லூ வாஸர்மன் யூதர் என்பதால் அவர் மேல் திரும்பியது, வீட்டருகே போய்க் கோஷம் போட்டார்கள். அந்த வெறுப்புக்கும் விசுவாசத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாரிஸில் அந்த அக்டோபரில் சான் மிஷேல் தியேட்டருக்கே தீ வைத்தார்கள், 13 பேர் காயப்பட்டார்கள். முன்பு படத்தைக் கண்டித்த பாரிஸ் பேராயர் லுஸ்திஜேர் இந்தத் தீவைப்பையும் கண்டித்தார்.

கேள்வி: இசையில் தமிழர் இருக்கிறார் என்கிறார்களே?

வயலின் கலைஞர் எல். சங்கர்! சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், வயலின் வித்வான் லட்சுமிநாராயணா மகன், இன்னொரு வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் தம்பி. பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியல் அமைத்த இசையில் அவருடைய இரட்டை வயலின் ஒலிக்கிறது. பாகிஸ்தான் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலும் உண்டு. அந்த இசை 1989இல் தனி ஆல்பமாக வந்து கிராமி வாங்கியது. படம் பிடிக்காதவர்கள்கூட இதைக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து பார்க்கலாமா?

குழந்தைகளோடு வேண்டாம். மகதலேனாவின் விடுதிக் காட்சி, இரத்தம், நிர்வாணம் எல்லாம் இருக்கின்றன. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், பிறகு அம்மா அப்பாவிடம் காட்டலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம், ஏனென்றால் கடைசிப் பத்து நிமிஷம் பார்க்காவிட்டால் படம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதைத்தான் பார்த்திருப்பீர்கள்.