காந்த அடியில அலுமினியம் வளையுது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் அசைய மாட்டேங்குது?

கேள்வி: கெபாசிட்டர் பேங்க்க (மின்னூட்டத்த சேமிக்கிற கெபாசிட்டர்களோட தொகுப்பு) தட்டையான சுருள் காயில் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி தகடு ஃபார்ம் பண்றேன். 1 மி.மீ அலுமினியம் டைக்குள்ள (வடிவம் குடுக்குற அச்சு) நல்லா இறங்குது, அதே செட்டப்ல 0.5 மி.மீ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லேசா உப்புது, அவ்ளோதான். பாதி தடிமன்தானே, ஏன் இப்படி? வோல்டேஜ ஏத்தலாமா?

பதில்: வோல்டேஜ்ல கை வைக்காதீங்க, தகடு வாங்குற அதே தள்ளு காயிலுக்கும் எதிர்ப்பக்கமா விழும், அப்படியே ஏத்திக்கிட்டே போனா தகடு வளையுறதுக்கு முன்னாடி காயில்தான் பிய்ஞ்சு தெறிக்கும்.

ஸ்டெயின்லெஸ் காந்தத்துல ஒட்டாது, அதனாலதான்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. அலுமினியமும்தான் ஒட்டாது! இங்க நடக்குறது வேற: காயில்ல கரன்ட் சட்டுனு ஏறும்போது தகட்டுல எதிர்த்திசையில ஒரு சுழல் மின்னோட்டம் கிளம்புது, அந்த கரன்ட்டும் காயிலோட காந்தப்புலமும் சேர்ந்து தகட்டைத் தள்ளுது, லாரன்ஸ் விசைன்னு படிச்சோமே அதேதான். 10 டெஸ்லா புலம் சுமார் 40 மெகாபாஸ்கல் அழுத்தம் குடுக்கும், 30 டெஸ்லான்னா 360 பக்கம் வந்துரும், ஏன்னா அழுத்தம் புலத்தோட வர்க்கத்துல ஏறுது.

ஆனா இந்தக் கணக்கு புலம் தகட்டோட ஒரு பக்கமே நின்னாதான். அது ஊடுருவி மறுபக்கம் போயிருச்சுன்னா அந்தப் பக்க அழுத்தத்தையும் கழிச்சுக்கணும், மிச்சம்தான் உங்களுக்கு. எவ்ளோ ஆழம் ஊடுருவும்ங்கறதத்தான் ஸ்கின் டெப்த்னு சொல்றோம். உங்க பல்ஸ் 10 கிலோஹெர்ட்ஸ் வாக்குல இருக்கும்னு வச்சுக்கோங்க, அலுமினியத்துக்கு அது 0.8 மி.மீ, தாமிரத்துக்கு 0.65, 304 கிரேடு ஸ்டெயின்லெஸ்க்கு 4 மி.மீக்கும் மேல. அரை மி.மீ தகடு அந்தப் புலத்துக்கு ஜல்லடை மாதிரி. தகட்ட மெலிசாக்குனா இன்னும் மோசமாத்தான் ஆகும்.

சரி, ஃப்ரீக்வென்சிய ஏத்தி சமாளிக்கலாமான்னா, ஸ்கின் டெப்த் 0.5 மி.மீக்கு இறங்க கிட்டத்தட்ட 730 கிலோஹெர்ட்ஸ் வேணும். ஃப்ரீக்வென்சிய ஏத்தணும்னா கெபாசிட்டர் பேங்க்கோட கெபாசிட்டன்ஸ குறைக்கணும், அதையும் 16ல ஒரு பங்கா குறைச்சாதான் ஸ்கின் டெப்த் பாதியே ஆகும், அதனால அந்த வழிய மறந்துருங்க.

காயிலுக்கும் ஸ்டெயின்லெஸ்க்கும் நடுவுல ஒரு டிரைவர் தகடு வைங்க. அனீல் பண்ண (சூடாக்கி மெத்துனு ஆக்குன) தாமிரம் இல்லன்னா அலுமினியம், 1 மி.மீ போதும், வெட்டோ கீறலோ இருக்கக்கூடாது, கரன்ட் சுத்துற பாதை அறுந்துரும். தள்ளு அதுமேல விழும், அது ஸ்டெயின்லெஸ தள்ளிட்டு டைக்குள்ள போகும். டிரைவரையும் வளைக்க எனர்ஜி செலவாகும்தான், அதுக்குத்தான் மெத்துனு இருக்குற தகடா பாருங்கன்னு சொல்றேன். காயிலுக்கும் டிரைவருக்கும் நடுவுல மைலார் ஷீட் (கரன்ட் பாயாத மெல்லிசு பிளாஸ்டிக்) போடுங்க, ஆனா இடைவெளி எவ்ளோ குறைவோ அவ்ளோ நல்லது, தள்ளிப் போகப் போக அடி சட்டுனு குறைஞ்சிரும்.

இன்னொன்னு, தட்டைச் சுருளோட நடு மையத்துல அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால தகட்டோட நடுவுல மட்டும் ஷேப் சரியா வரலன்னா டிரைவர குறை சொல்லாதீங்க, டைய மையத்துல இருந்து கொஞ்சம் நகத்திப் பாருங்க. தகட்ட மாத்த கை வைக்கறதுக்கு முன்னாடி கெபாசிட்டர பிளீடர் ரெசிஸ்டர் (சார்ஜ வடிய விடுற மின்தடை) வழியா இறக்கி, ரெண்டு முனையையும் சேர்க்குற ஷார்ட் கம்பிய மாட்டினபடியே விடுங்க, எடுத்துட்டா தானா கொஞ்சம் வோல்டேஜ் திரும்ப ஏறும், பெரிய பேங்க்ல அந்தக் கொஞ்சமே ஆளைக் கொல்லும்.